நாலாம் பக்கம்

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் புஞ்சை வைத்திருந்த வீட்டில் பிறந்து, ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, கல்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலைய ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த திருவேங்கடத்துக்கும் ஒரு இங்கிலாந்துப் பாட்டுக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் சிரிப்பதற்காகத்தான் கேட்டார்கள். மனுஷன் அது தெரியாமல் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் சொன்னார்.

சம்பந்தம் ஏற்பட்டது 1992இல், மாமல்லபுரத்தில். கடற்கரைக்குப் போகிற தெருவில் ராஜேந்திரன் என்கிற சிநேகிதன் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களிடம் இசைத்தட்டுகளை அரை நாளைக்கு இரவல் வாங்கிக் கேசட்டில் ஏற்றிக்கொள்வான். அவனுடைய பிளேயர் மக்கர் செய்தால் திருவேங்கடம் ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் ஃபிப்டியில் போய்ச் சரி செய்து தருவார். அப்படி ஒரு ஞாயிறு, ராஜேந்திரன் தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்றை நீட்டினான்.

"டென்மார்க்காரி ஒருத்தி குட்த்தா மச்சான். மொத்தம் ரெண்டு தட்டு. எனுக்கு ஒரு எழவும் புர்ல. நீ கேட்டுட்டு இன்னான்னு சொல்லு."

தட்டுகள் அதற்குள் டென்மார்க்காரியிடம் திரும்பிப் போயிருந்தன. ராஜேந்திரன் முதல் தட்டைப் போட்டு, முடிந்ததும் திருப்பிப் போட்டு, பிறகு இரண்டாவதை எடுத்திருந்தான். சினிமாப் பாட்டுத் தட்டை அப்படித்தான் ஏற்றிப் பழக்கம். ஆனால் எழுபதுகளில் வந்த இரட்டைத் தட்டுகள் சிலவற்றுக்கு வேறு கணக்கு. அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழுந்து பாடும் மெஷின்களுக்காக, ஒன்றாம் பக்கத்தின் முதுகில் நாலாம் பக்கத்தை வைத்திருப்பார்கள். இரண்டும் மூன்றும் அடுத்த தட்டில் இருக்கும். நடு லேபிளில் எண் போட்டிருக்கும், ராஜேந்திரன் அதைப் பார்க்கவில்லை. ஆக, திருவேங்கடத்தின் கையில் வந்த கதை ஒன்று, நாலு, இரண்டு, மூன்று என்று ஓடியது.

கதைதான் அது. பத்தொன்பது பாட்டும் சேர்ந்து ஒரே கதை. துறைமுக ஊரில் ஒரு பையன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அவன் திரும்பி வரும்போது ஊரே கூடிப் பாடுகிறது. திருவேங்கடத்தின் கேசட்டில் அதோடு முடியவில்லை. அவன் மறுபடியும் கிளம்பிப் பட்டணம் போகிறான், ஓட்டலில் தட்டு கழுவுகிறான், கடைசியில் பனிக்காலத்தில் தனியாக ஒரு ஸ்டேஷனில் நிற்கிறான். ஏழு நிமிஷம் ஆர்கன் வாசிக்கிறார்கள், யாரோ ஒரு கதவைச் சாத்துகிறார்கள், முடிந்தது.

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு வரி ஓட விட்டு நிறுத்துவார், காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுவார், அகராதியைப் புரட்டுவார். "இன்னாங்க, பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று பூங்கொடி கேட்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்துக்கொண்டு கேட்டவள், பிறகு சிரிக்காமல் கேட்டாள்.

அவரை உலுக்கியது அந்தத் திரும்பி வரும் பாட்டுதான். ஊரே சந்தோஷமாகப் பாடுகிறதே, இவன் ஏன் மறுபடியும் போனான்? நூறு தடவை கேட்டபின் கண்டுபிடித்தார். பாட்டு முழுக்க எல்லோரும் பாடுகிறார்கள், அவனைப் பேர் சொல்லி ஒருத்தர் கூப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கதவைத் திறந்தார்களே தவிர உட்காரச் சொல்லவில்லை. அதனால்தான் போய்விட்டான். இது பிடிபட்ட அன்றைக்கு அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

93இல் பாலசுப்ரமணியன் என்கிற விஞ்ஞானியின் குவார்ட்டர்ஸுக்கு டேப் டெக் பழுது பார்க்கப் போனார். அலமாரி நிறைய மேல்நாட்டுச் சங்கீதம். வாய் சும்மா இருக்கவில்லை, தன் கேசட்டைப் பற்றிச் சொன்னார், கதையையும் சொன்னார். பாலசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"இதை நீங்களாவே கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. நாங்க நாலு பேரு உக்காந்து பாட்டு கேப்போம். அந்தக் கேசட்டையும் எடுத்துட்டு வாங்க."

ஒர்க்‌ஷாப் ஆளை ஆபீசர் வீட்டு ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். திருவேங்கடம் புதுச் சட்டை தைத்துக்கொண்டு போனார். பதினாலு வருஷம் போனார். சோபாவில் அவர்கள், டெக் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் இவர். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைப்பது இவர் வேலை. போன கையோடு கீஸரையும் மிக்ஸியையும் பார்த்துக் கொடுப்பது தனி. டில்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விருந்தாளி வந்தால், "எங்க திருவேங்கடம் ஒரு கதை சொல்வார், கேளுங்க" என்பார் பாலசுப்ரமணியன். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த வீட்டில் தான் ஒரு ரசிகன், ஃபிட்டர் அல்ல என்று அவர் நம்பினார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

2007இல் குடியிருப்பின் மன்றத்தில் ரசனைக் கூட்டம் வைத்தார்கள். அழைப்பிதழில் மூன்று பெயர்கள், அதில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். மூன்றாவது, திரு. கே. திருவேங்கடம். பதவி போடவில்லை. அதைப் பூங்கொடியிடம் நாலு தடவை காட்டினார்.

"உங்க பேரு கூட நல்லாத்தான் கீது" என்றாள் அவள். அவள் வாயில் அது பெரிய பாராட்டு.

இரண்டு மாதம் தயாரித்து, தமிழில் முக்கால் மணி நேரம் பேசினார். திரும்பி வரும் பாட்டைப் போட்டுக் காட்டி, "இந்த வரவேற்புல ஒரு கேள்வி கூட இல்ல, கவனிங்க" என்றபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை அவருக்கு யாரும் தந்ததில்லை.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஸ்வாதி எழுந்தாள். பாலசுப்ரமணியனின் மகள், நாவலூரில் ஐடி வேலை, வார இறுதிக்கு வந்திருந்தாள். நல்ல பெண். மனசில் ஒன்றும் இல்லாமல்தான் கேட்டாள்.

"அங்கிள், அது கடைசிப் பக்கம் இல்லையா? அவன் சிட்டிக்குப் போறது முன்னாடி, வீட்டுக்கு வர்றதுதான் எண்டிங். என் போன்ல ஆல்பம் முழுசா இருக்கு. வரிசை மாறிப் போச்சுன்னு நினைக்கிறேன்."

திருவேங்கடம் பதில் தேடுவதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பாலசுப்ரமணியன் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடும்மா. அவருக்குத் தெரியாது."

மெதுவாகத்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், தொடர்ந்து இரண்டு மூன்று பேர். அது புதுச் சிரிப்பு இல்லை, பழகின சிரிப்பு. திருவேங்கடத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் நிறுத்திக் கேட்டார். "சார், உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

பாலசுப்ரமணியன் பொய் சொல்கிற ஆள் இல்லை. "முதல் நாளே. காலேஜ் ஹாஸ்டல்ல தினம் கேட்ட தட்டு அது. ஆனா நீங்க சொன்ன விதம் ரொம்ப ஜோரா இருந்துச்சு. திருத்தினா போயிடுமேன்னு விட்டுட்டோம்."

"வர்றவங்களுக்கெல்லாம்?"

"சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன். அவங்களும் ரசிச்சாங்க திருவேங்கடம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பதினாலு வருஷம் ஒரு மனுஷனை ஸ்டூலில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், டீயும் கொடுத்து. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இவர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள்.

மறு வாரம் ஸ்வாதி ஒரு சிடி எழுதிக் கொடுத்தனுப்பினாள், மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திருவேங்கடம் முழுசாகக் கேட்டார். பையன் போகிறான், கஷ்டப்படுகிறான், வீடு திரும்புகிறான், ஊரே பாடுகிறது, சுபம். அவ்வளவுதானா என்று இருந்தது. பழைய கேசட்டைப் போட்டால் அதிலும் மனசு ஓடவில்லை. திரும்பி வரும் பாட்டு ஆரம்பித்ததும் அந்தப் பழகின சிரிப்புத்தான் காதில் கேட்டது. நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து பாலசுப்ரமணியனிடமிருந்து போன். மும்பையிலிருந்து சிநேகிதர் குடும்பத்தோடு வந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?

"போவாதீங்க" என்றாள் பூங்கொடி.

போனார். ஹாலில் எட்டுப் பேர். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது, அதில் உட்காராமல் நின்றுகொண்டார். மும்பைக்காரர் இப்போதே சிரிப்புக்குத் தயாரான முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

திருவேங்கடம் கதையைச் சொன்னார். பையன் வீட்டை விட்டுப் போனான் சார். பட்டணத்தில் கஷ்டப்பட்டான். தனியாக நின்றான். பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்தான், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மும்பைக்காரர் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பாலசுப்ரமணியனின் முகம் தொங்கிப் போயிற்று. "இப்படி இல்லையே திருவேங்கடம். பழைய மாதிரி சொல்லுங்களேன். அந்த, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலைங்கிறது. அதுல ஒரு உண்மை இருந்துச்சு."

கெஞ்சலாகத்தான் கேட்டார். அவருக்கு நிஜமாகவே அந்தக் கதை பிடித்திருந்தது என்பது திருவேங்கடத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

"அது தப்பு சார்" என்றார். "தப்புன்னு நீங்கதான சொன்னீங்க."

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே யாரோ வேறு பாட்டுப் போட்டார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட ஒருத்தரும் எழுந்து வரவில்லை.