கோல் கம்பத்தடியில் ஒரு பிடி

லண்டன் ஸ்ட்ரெதமில் பழைய கால்பந்து மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கிளப் நகர நடுவில் புது அரங்கத்துக்குப் போய்விட்டது. பூட்டிய கேட்டின் முன்னால் செவ்வரத்தம்பூவுடன் ஒருவர் நிற்கிறார். குடியிருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று காவலாளி மறித்துவிட்டார்.

"உள்ளுக்கு ஆர் அண்ணை?" என்று கேட்கிறேன்.

"அப்பா. அவரின்ரை சாம்பலிலை ஒரு பிடியைக் கிளப்பின்ரை சம்மதத்தோடை கோல் கம்பத்தடியிலை தாட்டனாங்கள். இண்டைக்குத் திவசம்."

"கிளப் என்ன சொல்லுது?"

"புது அரங்கச் சுவரிலை பேர் போட்டிருக்கினமாம். அங்கை போய்க் கும்பிடட்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் அந்த அரங்கத்தில் பழைய கோல் கம்பத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். கம்பத்தைப் பத்திரமாகக் கழற்றியவர்களுக்கு, அதனடியில் ஒரு பிடி மண் அள்ள மனம் வரவில்லை.

அண்ணை கம்பிக்கூடாக அந்த இடத்தை விரலால் காட்டுகிறார். கேட் திறக்கிறது. எங்களைத் தாண்டி ஒரு கார் உள்ளே போய், சரியாக அங்கேயே நிற்கிறது.