மறுமலர்ச்சி ஸ்டெல்லாவுக்குப் போயிற்று

சார்ட் அட்டையில் இழுத்த பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்க்கும்போது எழும் ஓசையை விவரிப்பது எளிதன்று. அது உரசலும் இல்லை, கீறலும் இல்லை, உறங்கும் பிள்ளையின் முதுகை யாரோ நிதானமாகத் தடவிக்கொடுப்பது போன்றது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில், அந்த ஓசை என் வலப்பக்கத்திலிருந்து, ஸ்டெல்லாவின் விரலிலிருந்து, ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் பங்கிட்டுத் தின்ற தோழிதான் அவள். ஆயினும் அந்த விரலை நான் பார்த்த பார்வையில் தோழமை இருந்ததாகச் சொல்ல முடியாது.

பள்ளிக் கண்காட்சிக்காக வரலாற்று மிஸ் எங்கள் வகுப்பில் மூவரிடம் ஆளுக்கொன்றாக மூன்று படங்கள் கேட்டிருந்தார். பொருள் ஒன்றே, தாயும் பிள்ளையும்; ஆனால் ஒன்று பழைய கிரேக்கச் சிற்பம் போலவும், ஒன்று ஐரோப்பிய இடைக்கால ஓவியம் போலவும், ஒன்று மறுமலர்ச்சிக் கால ஓவியம் போலவும் இருக்க வேண்டும். மாதிரிகளைத் தம் கைப்பேசியில் காட்டி அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. கிரேக்கருக்கு உடலே முதன்மை. அளவு பிசகாத அங்கங்கள், கலக்கம் காட்டாத முகம், ஈரத்துணி போல மேனியில் ஒட்டிய ஆடை மடிப்பு. இடைக்காலத்துக்கு உடல் ஒரு பொருட்டே இல்லை. பின்புலம் முழுதும் பொன், உருவங்கள் தட்டை, குழந்தைக்கும் கிழவர் முகம், தெய்வம் பெரிது, வணங்குபவர் சிறிது. மறுமலர்ச்சியிலோ நிழல் உண்டு, கன்னத்துக்கு உருட்சி உண்டு, பின்னால் மலையும் ஆறும் உண்டு, தொலைவில் இருப்பது தொலைவுக்கேற்பச் சிறுத்துக்கொண்டே போகும். அந்தத் தாயான மாதாவோ அடுத்த தெருவில் நேற்றுப் பார்த்த பெண்ணைப் போல இருப்பாள்.

எனக்கு அந்த மறுமலர்ச்சிதான் வேண்டியிருந்தது. வாயிலுக்கு நேரே மாட்டப்போவது அதைத்தான் என்று மிஸ் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் அதன்முன் நின்று, வரைந்தது யார் என்று கேட்பார்கள். வகுப்பில் வாய் திறவாதவளாகவே பெயர் வாங்கியிருந்த எனக்கு, ஒருமுறையாவது அந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்றிருந்தது.

"கிரேக்கம் உமா. மறுமலர்ச்சி ஸ்டெல்லா," என்ற மிஸ் என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கோடு சுத்தமா வருதும்மா. நிழல்தான் வரல. நீ இடைக்காலம் எடுத்துக்க."

நிழல் வராததற்குக் காரணம் இருந்தது. அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். அன்னத்தையும் மயிலையும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவது அவர் வேலை. மீந்த தாள்களில்தான் நான் வரையப் பழகினேன். "கட்டம் ஒண்ணு ரொம்பி இருக்கணும், இல்லன்னா காலியா இருக்கணும். நடுவுல ஒண்ணும் கெடையாதும்மா," என்பார். இடைக்காலமும் எனக்குப் புதிதன்று. கோவில் மண்டபத் தூண்களில் சாமியின் காலடியில் விரலளவு மனிதன் கைகூப்பி நிற்பதைப் பார்த்தும், ஜரிகைப் பொன்னை நாள்தோறும் பார்த்தும் வளர்ந்தவளுக்கு அதில் வியக்க என்ன இருந்தது? தெரிந்த பண்டத்தை என்னிடம் தள்ளிவிட்டு, தெரியாத அழகை அவளுக்குக் கொடுத்துவிட்டதாகவே பட்டது.

வீட்டில், கிராஃப் தாளின் பின்பக்கத்தில், அவளைப் போலவே விரலால் தேய்த்துத் தேய்த்து ஒரு மறுமலர்ச்சி மாதாவை முயன்றேன். அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, அந்தம்மா மூஞ்சில இவ்ளோ கரிய பூசி வெச்சிருக்க? அடுப்பு ஊதிக்கினு இருந்தாங்களா?"

மறுநாள் ஸ்டெல்லா என்னிடமே வந்து, "ஏய், எனக்கு மாதாவா ஒக்காரேன்டி. நீதான் ஆடாம அசையாம இருப்ப," என்றாள். மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. மதிய இடைவேளைகளில் ஜன்னலோரப் பெஞ்சில் நான் அமர, என் புத்தகப்பையைத் துப்பட்டாவில் சுற்றிப் பிள்ளையென மடியில் வைத்தாள். வரைய விரும்பியவள் வரையப்படுபவள் ஆனேன். பக்கத்தில் உமா தன் கிரேக்கத் தாயை முடித்துக்கொண்டிருந்தாள். கிரேக்கச் சிலை என்றால் கை உடைந்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்; தாய்க்கு இரு கைகளும் இல்லை, பிள்ளை அந்தரத்தில் நின்றது.

"ஏன்டி உமா, கையே இல்ல, புள்ளய எதாலடி தூக்கிக்கினு இருக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

"அப்பலாம் இருந்துச்சிடி. அப்புறமா ஒடைஞ்சி போச்சாம்."

நானும் சிரித்துவிட்டேன். "சிரிக்காதடி, 'மொழுமொழு'ன்னு கன்னம் வர்ற நேரத்துல! புள்ளயப் பாரு," என்று அதட்டினாள். பார்க்கத்தான் முயன்றேன். ஆனால் அந்த ஓசை தொடங்கியதும், என் கன்னத்தை அட்டையில் உருட்டி எடுக்கும் அவள் கட்டைவிரலுக்கே கண் போயிற்று.

கண்காட்சியன்று வாயிலுக்கு நேரே நான் தொங்கினேன். முகம் பிள்ளையை நோக்கித் தாழ்ந்திருந்தது. கண்கள் மட்டும் பிள்ளையின் மேல் இல்லை. புருவத்தில் மெல்லிய முடிச்சோடு, படத்துக்கு வெளியே எதையோ ஓரப்பார்வை பார்த்தன. அது எதுவென்று எனக்குத் தெரிந்தது.

"இந்தக் கண்ணப் பாத்தீங்களா?" என்று வந்தவர்களிடம் மிஸ் நெகிழ்ந்தார். "புள்ளைக்குப் பின்னால சிலுவைல இன்னா நடக்கப் போவுதுன்னு மாதாவுக்குத் தெரிஞ்சிருக்குது. எவ்ளோ துக்கம்!" ஸ்டெல்லாவின் அம்மா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விருந்தினர் ஒருவர், "யாரும்மா வரைஞ்சது?" என்று கேட்க, ஸ்டெல்லா கை தூக்கினாள். படத்திலிருந்து கண்ணை எடுத்து, அருகில் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை. என் பொன் மாதாவுக்கு, "நீட்டா இருக்குது," என்று ஒரு சொல் கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும், "கண்ண ஏன்டி அப்டி வரைஞ்ச?" என்று கேட்டேன்.

"எப்டி? நீ எதப் பாத்துக்கினு இருந்தியோ அதத்தான்டி வரைஞ்சேன்." சிரித்தபடி, அப்போதும் பென்சில் கரி போகாதிருந்த கட்டைவிரலை என் கன்னத்தில் இழுத்தாள். "இந்தா, உனக்கும் நிழல் வந்துச்சி!"

அந்தப் பார்வை என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் இன்றுவரை அறியேன். என்னைவிட நன்றாக வரைகிறாள் என்பதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னையே என்னைவிட நன்றாகப் பார்த்துவிட்டாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கண்காட்சி நடந்த அந்தக் கூடம் இப்போது இல்லை. அங்கே புதிய கட்டடம் எழுந்துவிட்டது. கண்காட்சி என்றால் இன்று திரையில் ஓடும் படங்கள்தாம். மிஸ் மாற்றலாகிப் போனபோது மூன்று சார்ட்டுகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இலக்கியம் படிக்கிறேன். ஸ்டெல்லா சென்னையில் ஓவியம் படிக்கிறாள். அவள் வெளியிடும் படங்களைக் கைப்பேசியில் இரு விரலால் பெரிதாக்கி, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு, ஒரு விருப்பக்குறிகூடப் போடாமல் மூடிவிடுகிறேன்.

மறுமலர்ச்சியின் விதிப்படி, விலகிப் போகிறவர் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். என் மனத்தில் அவள் சிறுக்கவில்லை. பொன் பின்புலத்தில், கட்டைவிரலில் கரியோடு, நடுவே பெரிதாக அமர்ந்திருக்கிறாள். காலடியில் விரலளவாக ஒருத்தி நிமிர்ந்து பார்த்தபடி இருக்கிறாள். நிழலே இல்லாத படம்தான். யார் வரைந்தது என்று யாரேனும் கேட்டால், அதற்கு நான் கை தூக்கலாம்.