கடலிலிருந்து பார்க்க வேண்டிய சுவர்

எங்கள் ஸ்கார்வ்நெஸ் ஊர்க்காரர்கள் யார் வாயையும் அடைக்க ஒரே கேள்வி வைத்திருக்கிறார்கள்: "நீ என்ன பெரிய இவளா?" அதைக் கேட்டால் நார்வேயின் இந்த வடக்குக் கரையில் எப்பேர்ப்பட்டவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். தூர்குன் மட்டும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

அவளுடைய அம்மா மீன் ஆலையில் காட் என்கிற கடல்மீனின் தோலை உரித்துச் சதை அறுக்கும் வரிசையில் நின்றவள். வீட்டுக்கு வந்தாலும் கை சூடேற வெகுநேரமாகும். அந்த வரிசைப் பெண்களை அட்டைப்பெட்டி மூடிகளில் வரைந்தபடிதான் தூர்குன் வளர்ந்தாள். கிடார் பிறகுதான் வந்தது. பக்கத்து வீட்டு ஓஸ்முன் டிரம்ஸ் அடிக்க, இவள் பாட, இன்னும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு ஆனார்கள்.

இருபத்தோரு வயதில் அவள் எழுதிய ஒரு பாட்டு நார்வே முழுக்க ரேடியோவில் ஓடியது. படகுக்காகக் கரையில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு அது. இன்றைக்கும் அது இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. ஓஸ்லோவில் இசைத்தட்டு போட்டவர்கள் அவளை உட்கார வைத்துக் கெஞ்சினார்கள். "இதே மாதிரி இன்னொன்னு குடு, போதும்." இவள் தட்டின் உறைக்குத் தானே வரைந்த படத்தை நீட்டினாள், வரிசையில் நிற்கும் மீன் ஆலைப் பெண்களை. "அழகான மூஞ்சி உனக்கு இருக்கு, அதப் போடுவோம். இந்த ஏப்ரன் போட்ட பொம்பளைங்க எதுக்கு?" என்றார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

பிறகு பெர்கன் நகரில் ஓவியம் படித்தாள். கண்காட்சி வைத்தாள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்றால் அதுதான் இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அந்தப் பாட்ட ஒருவாட்டி பாடேன்" என்றார்கள். எத்தனை வருஷம்தான் ஒருத்தி பொறுத்துப்போவாள்? உண்மை என்னவென்றால் அந்தப் பாட்டே அவளுக்கு உறுத்த ஆரம்பித்திருந்தது. அவள் அம்மா எந்தப் படகுக்கும் காத்திருந்ததில்லை. படகு வந்தால் அம்மாவுக்கு வேலைதான் கூடும். ஊரிலிருந்த ஒரு பெண்ணும் கரையில் சும்மா நின்றதில்லை. இருபத்தோரு வயதில் தான் அளந்துவிட்ட பொய்யை நாடே மனப்பாடம் செய்துவிட்டிருந்தது.

அம்மா போன பிறகு ஊருக்கே திரும்பினாள். அப்பாவின் படகுக் கொட்டகையில் கடலைப் பார்த்து நிற்கும் பெரிய பலகைச் சுவரை எடுத்துக்கொண்டாள். படகின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற கெட்டிப் பெயிண்டில், சாம்பலும் வெள்ளையுமாக, இரண்டு கோடைக்காலம் சாரத்தில் தொங்கி அந்த வரிசைப் பெண்களை வரைந்தாள். படகில் வருகிறவர்களுக்காக வரைந்த படம் அது. கடலிலிருந்து பார்த்தால் ஏப்ரன் கட்டிய பெண்கள் கத்தியோடு நிமிர்ந்து நிற்பது தெரியும். கரையில் சுவர் பக்கத்தில் போய் நின்றால் வெறும் சாம்பல் திட்டுகள். ஆலை மூடிய பிறகு ஊரில் தினமும் கடலுக்குப் போகிறவன் ஓஸ்முன் ஒருவன்தான், மற்றவர்கள் சாலை வழியாகத்தான் வந்து போனார்கள். பாதியில் விட்ட அடிப்பூச்சு என்றுதான் ஊர் நினைத்தது. அவளும் யாருக்கும் விளக்கவில்லை. பார்க்கத் தெரிந்தவன் பார்க்கட்டும் என்ற திமிர்தான்.

படத்தில் வரிசையின் முன்னால் நின்றவள் மோல்ஃப்ரி, ஓஸ்முனின் அம்மா. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஆலை இயந்திரம் வாங்கிக்கொண்டது. கோடையிலும் கம்பளிக் கையுறை போட்டிருப்பாள். குடும்பப் படங்களில்கூடக் கை பைக்குள்தான் இருக்கும். சுவரில் அந்தக் கை விரித்து உயர்ந்திருந்தது.

தூர்குனுக்கு அறுபது வயதான அந்த மே மாதம், பூடோ நகரில் பாடப் போயிருந்தாள். நாட்டுத் திருநாளுக்கு முந்தின நாள் விரைவுப் படகில் திரும்பினாள். முனையைத் திரும்பியதும் வழக்கம்போல் சுவரைத் தேடினாள். சுவர் சிவப்பாக இருந்தது. மேலிருந்து கீழ் வரை, கொட்டகைகளுக்குப் பூசும் சிவப்பு.

துறையில் ஊரே கொடியோடு நின்றது. வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும் மேசையில். ஓஸ்முன் சட்டையெல்லாம் சிவப்பு.

"பிறந்தநாள் பரிசு! ஊர் மொத்தமும் இறங்கி வேலை பாத்தோம். நீ தனியா எவ்வளவு நாள்தான் ஏணியில தொங்குவ?"

எங்கள் ஊரில் கூட்டுவேலைக்கு வராதவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், கூட்டுவேலையைக் குறை சொன்னவனை மன்னிக்க மாட்டார்கள். அவள் சந்தோஷத்தில் அழப்போகிறாள் என்று எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள்.

"நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க" என்றாள் தூர்குன். "ஆனா எனக்கு வேண்டாம். நான் சுரண்டி எடுக்கப் போறேன்."

வாஃபிள் தட்டை நீட்ட வந்தவள் அதைத் திருப்பி மேசையில் வைத்தாள். "பாட்டுக்காரிக்குத் தலைக்கனம்" என்றது ஒரு குரல். "பெரிய இவ!" என்றது இன்னொன்று.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

கொட்டகைக்குப் போய்ச் சுரண்டியை எடுத்தாள். பின்னாலேயே ஓஸ்முன் வந்தான்.

"அடிப்பூச்சுன்னு நெனச்சுட்டோம், தூர்குன். யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியாது. ஒத்துக்கிறேன். நீ தினமும் கடல்லேர்ந்து வரவன்டா. உனக்குமா தெரியல?"

அவன் முகம் சுவரைவிடச் சிவந்தது.

"தெரிஞ்சுதான் அடிச்சேன். முதல் பூச்சே அந்தக் கை மேலதான். எங்கம்மா அந்தக் கைய ஆயுசு முழுக்க மறைச்சாங்க. நீ கப்பல்ல போறவன் வரவனுக்கெல்லாம் காட்டுற. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்பது வருஷம் ஓவியத்துக்காகச் சண்டை போட்டவளுக்கு அந்த ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்கல" என்றாள். "இப்பவே போய்க் கேக்கறேன். வேண்டாம்னு சொன்னாங்கன்னா சிவப்பாவே கிடக்கட்டும். நான் ஊர விட்டே போயிடறேன்."

போக வேண்டியிருக்கவில்லை. கொட்டகை வாசலில் ஒட்டுக்கேட்டவர்கள் அதற்குள் ஓடியிருந்தார்கள். செய்தி ஊரில் நடக்காது, பறக்கும். மோல்ஃப்ரியே தடியை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கூட ஆலையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள்.

"என்னைய சுவத்துல வரைஞ்சியாமே. கையோடயா?"

"கையோடதான். உங்கள கேக்காம வரைஞ்சது தப்பு."

"தப்புதான்." மகன் பக்கம் திரும்பினாள். "நீ அத மூடினியாமே. நீயாவது கேட்டியா?"

"அம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"அவளும் கேக்கல, நீயும் கேக்கல. ரெண்டு பேரும் தள்ளுங்க."

பையிலிருந்து தன் பழைய கத்தியை எடுத்தாள். ஆலை மூடியபோது அவள் திருப்பித் தராத கத்தி. கெட்டிப் பெயிண்டின் மேல் சிவப்பு சரியாக ஒட்டியிருக்கவில்லை, இன்னும் முழுசாகக் காயவும் இல்லை. கத்தியைப் படுக்க வைத்து நுழைத்து ஒரே இழுப்பு. சிவப்பு தோல் மாதிரி உரிந்தது. அடியில் இருந்த சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் இல்லை.

"மீன விட இது சுலபம்" என்றாள் கூட வந்தவள். "ஓஸ்முன், ஏணியப் பிடிடா, சும்மா நிக்காத."

அவன் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் மேலேயும் ஏறினான். ஆலைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், அவரவர் கத்தியோடு. "என் மூக்கு இவ்வளவு நீளமாடி?" என்று கேட்டுக்கொண்டே உரித்தார்கள்.

மறுநாள் ஊர்வலம் பள்ளியிலிருந்து வந்தது. வாத்தியக் குழு, வெள்ளிப் பொத்தான் மின்னும் கம்பளி உடுப்புகள், குழந்தைகள் கையில் கொடி. கொடிமரத்தடியில் தூர்குன் அந்தப் பாட்டைப் பாடுவது வழக்கம். அவள் மைக்கை வாங்கினாள். உடுப்பு முழுக்கச் சிவப்புத் துணுக்குகள்.

"இன்னைக்குப் பாட்டு கிடையாது. எல்லாரும் படகுல ஏறுங்க. நீங்க என்னத்த மூடினீங்கன்னு பாக்கணும்."

முணுமுணுப்பு எழுந்தது. முதலில் ஓஸ்முன்தான் தன் படகை அவிழ்த்தான், அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தான். பிறகு ஒவ்வொன்றாகப் படகுகள் நிறைந்தன. குழலூதுகிறவன்கூடக் குழலோடு ஏறினான்.

விரிகுடா நடுவில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். சுவரில் அந்த ஆலைப் பெண்கள் நின்றார்கள். ஓரங்களில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது. ஏப்ரனில் மீன் ரத்தம் பட்டது மாதிரி அது பொருத்தமாகவே இருந்தது. தூர்குன் அதை அப்படியே விட்டுவிட முடிவு செய்தாள். "அது எங்கம்மா" என்று ஒருவன் கை நீட்டிச் சொன்னான்.

பின் படகிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். "தூர்குன், இப்பவாவது அந்தப் பாட்டப் பாடேன், பொருத்தமா இருக்கும்."

தூர்குன் வாயைத் திறப்பதற்குள் மோல்ஃப்ரி கையுறையைக் கழற்றிக் கடலில் எறிந்தாள். மூன்று விரல் கையை, சுவரில் இருப்பது போலவே, எல்லோரும் பார்க்க உயர்த்தினாள்.

"வாய மூடிட்டுப் பாருங்கடி" என்றாள். "நான் எவன் படகுக்கும் காத்துக்கிட்டு நின்னதில்ல."