சிவப்புப் பொட்டு வைத்த லேப்டாப்

காரைக்கால்மேட்டு அஞ்சுகம் தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கிறவள். ஏலத்தில் மீன் எடுத்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதோடு விடுவாளா? பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கிடக்கிற மீனின் செவுளையும் பார்ப்பாள். மேலே நல்லதை அடுக்கி அடியில் அழுகலைத் தள்ளுகிற தொழிலில் அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் மீனுக்குப் பார்க்கிற செவுளை மனுஷருக்கும் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற அவள் அண்ணன் லீவில் வந்தபோது, தான் வைத்திருந்த லேப்டாப்பை அஞ்சுகத்தின் மகள் நந்தினிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நந்தினி காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருஷம். அந்தத் தெருவுக்கே முதல் லேப்டாப் அதுதான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிப் பூட்டு. ஒரே சாவியில் எல்லாம் திறந்துகொள்ளுமோ என்று அஞ்சுகத்துக்குத் தூக்கம் வராது. காலேஜுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டாள். பஸ்ஸில் எவனாவது அடித்துக்கொண்டு போய்விட்டால்? மகள் கிளம்பியதும் அதை ஒளித்துவைத்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். எங்கே ஒளிக்கிறாள் என்பது அவளுக்கும் மாரியம்மனுக்கும்தான் தெரியும். சாயங்காலம் மகள் வரும்போது அது கட்டிலில் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது சார்ஜ் ஏறாமல் நின்றுபோனது. அன்றைக்கு நெடுங்காட்டிலிருந்து, மகளோடு படிக்கிற ஜெயப்ரியா வந்திருந்தாள். நந்தினியும் அவளும் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் போச்சு. வயரைச் சொருகியது ஜெயப்ரியா. விளக்கு எரியவில்லை. பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியும் எரியவில்லை. இருந்த கொஞ்சநஞ்சமும் தீர்ந்து திரை கறுத்துவிட்டது.

“நல்லா இருந்த சாமான். இவ கை பட்டதும் எப்புடிச் செத்துச்சு?” என்றாள் அஞ்சுகம்.

“அம்மா, அவ ப்ராஜெக்டும் இதுலதானே இருக்கு! தன் படிப்பத் தானே கெடுத்துக்குவாளா?”

“சார்ஜர மாத்தி வச்சுட்டாளோ என்னமோ, யாரு கண்டா?”

சொன்னதோடு நிறுத்தினாளா பாவி! வாசலுக்குப் போன பெண்ணை மறித்து, பையை வாங்கித் தரையில் கொட்டினாள். இரண்டு நோட்டு, ஒரு சீப்பு, காலி டிபன் பாக்ஸ். ஜெயப்ரியா குனிந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டாள். அவளுக்காகப் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமலே போய் பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் நந்தினி அம்மாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அம்மாவும் மகளும் பாரதியார் வீதியில் முத்து முகம்மதுவின் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். திருமலைராயன்பட்டினத்துக்காரர், நிதானமான மனுஷர். அஞ்சுகம் மகளின் நெயில் பாலிஷ் குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். மீன் பெட்டி மாறிப்போகாமல் இருக்க மார்க்கெட்டில் ஆளுக்கொரு பெயிண்ட் அடையாளம் உண்டு. அஞ்சுகத்தின் அடையாளம் மூன்று சிவப்புப் பொட்டு.

“எதக் கழட்டுனாலும் என் கண்ணு முன்னாடி கழட்டுங்க பாய். நான் பொட்டு வச்சப்பறம்தான் கீழ வைக்கணும்.”

“ஏன்க்கா, லேப்டாப்புக்கு வளைகாப்பா நடக்குது?”

“சிரிக்காதீங்க. போன வருசம் படகு இஞ்சின வேலைக்கு விட்டோம். புதுசக் கழட்டிக்கிட்டுப் பழசப் போட்டுக் குடுத்தானுங்க. சூடு கண்ட பூனை நான்.”

நந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். பாய் சார்ஜரை எடுத்துக் கடையில் இருந்த வேறொரு லேப்டாப்பில் சொருகினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. யாரும் எதையும் மாத்தல.”

“அப்ப உள்ளதான் எதையோ பண்ணிருக்கா,” என்றாள் அஞ்சுகம். விடுகிறவளா அவள்?

பாய் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். பேட்டரிக்கு மூன்று பொட்டு. ஹார்டு டிஸ்க்குக்கு மூன்று பொட்டு. சார்ஜர் சொருகுகிற ஓட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“என்னக்கா, கருவாட்டு வாசம் அடிக்குது?”

“மீன்காரி வீட்டுச் சாமான் பின்ன மல்லியப்பூ வாசமா அடிக்கும்?”

“வாசம் கிடக்கட்டும். இங்க பாருங்க, பச்சையாக் களிம்பு புடிச்சுக் கிடக்கு.” லேப்டாப்பைச் சாய்த்துத் தட்டினார். காகிதத்தில் வெள்ளையாக நாலைந்து பரல்கள் விழுந்தன. “கடக்காத்துல வர்ற உப்பு இப்புடி இருக்காது. இது கல்லுப்பு. உப்புத் தண்ணி உள்ள வரைக்கும் எறங்கிருக்கு. டிஸ்க்குக்குள்ளயும் போயிருந்தா பைலெல்லாம் போச்சுதான்.”

அஞ்சுகத்துக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை ஆகிவிட்டது. மீன் உப்புப் போடுகிற மரப்பெட்டி! அவள் அம்மா தாலிக்கொடியை ஒளித்ததும் அங்கேதான், அவள் தோடு வளையலை ஒளித்ததும் அங்கேதான். கருவாட்டு நாற்றத்துக்குள் எந்தத் திருடன் கையை விடுவான்? லேப்டாப்பையும் தினம் பழஞ்சேலையில் சுற்றி உப்புக்குள் புதைத்து, மேலே கருவாட்டைப் பரப்பி மூடிவைப்பாள். தங்கத்தை உப்பு தின்னாது. இதைத் தின்றுவிட்டதே!

பாய் ஹார்டு டிஸ்க்கின் முனையை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, ஒரு வயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. நந்தினியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பாய் கழற்றி மறுபடி தேய்த்தார், ஊதினார், மாட்டினார். ‘தாயே, என் புத்திக்கு அந்தப் புள்ளைங்களத் தண்டிச்சுடாதே’ என்று அஞ்சுகம் உள்ளுக்குள்ளே கும்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

திரையில் வரிசையாக எழுத்துகள் விழுந்தன.

“இருக்கு! எல்லாம் இருக்கு!” நந்தினி குதித்தாள்.

“அல்லா காப்பாத்துனான்,” என்றார் பாய். “சார்ஜர் சொருகுற பின்னு மட்டும் புதுசு போடணும். ஆமா, உப்பு எப்புடிம்மா உள்ள வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? எங்கம்மாவக் கேளுங்க. ஜெயப்ரியாதான் கெடுத்தாளாம். அவ வீட்டுல நெல்லு மூட்டைதான் கிடக்கு, உப்பு மூட்டையா கிடக்கு?”

பாய் அஞ்சுகத்தைப் பார்த்தார். பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு பைல்களை சிடியில் ஏற்ற ஆரம்பித்தார். அவர் கேட்டிருந்தால்கூட அஞ்சுகம் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். கேட்காமல் விட்டதுதான் அவளைக் குத்தியது.

“உப்புப் பெட்டியில நாந்தான்டி வச்சேன். களவு போயிடும்னு தெனம் வச்சேன்.”

நந்தினி கத்துவாள் என்று அஞ்சுகம் எதிர்பார்த்தாள். மகளோ செல்போனை எடுத்து நம்பரைத் தட்டி அம்மாவிடம் நீட்டினாள்.

“இத என்கிட்ட சொல்லி என்ன? அவகிட்ட சொல்லு.”

மார்க்கெட்டையே வாயால் நடுங்க வைக்கிறவள் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

“ஜெயப்ரியாவா? நந்தினி அம்மா பேசறேன். பைலெல்லாம் கெடைச்சிருச்சு. உன்மேல தப்பில்ல கண்ணு, நாந்தான் கெடுத்தேன். அன்னைக்குப் போட்ட டீயக் குடிக்காமப் போயிட்டே. வீட்டுக்கு வாடி ஆத்தா.”

“வர்றேம்மா,” என்றாள் ஜெயப்ரியா. “பை எடுத்துக்காம வர்றேன்.”

அஞ்சுகம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.