ஜெயந்தன் வைத்த பன்னிரண்டு தென்னம்பிள்ளைகள்

கமலாசனியிடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குவது லேசான வேலை இல்லை. ஜெயபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் தன் கிராமத்தின் மாதர் சங்கத்துக்கு அவள் பதினொரு வருடம் செயலாளராக இருந்தவள். எந்தக் கடதாசி வந்தாலும் கையெழுத்துக் கோட்டிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாசிப்பாள். மேலே இருப்பதெல்லாம் இனிப்புக் கதை, வில்லங்கம் கீழேதான் படுத்திருக்கும் என்பது அவளுடைய முடிவு. கடன் கொடுக்க வந்த கம்பனிக்காரர்கள் அவள் வாசித்து முடிக்கும் வரை கதிரை நுனியில் இருந்து வியர்வை துடைத்ததை ஊர்ப் பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டை விற்க நினைத்தாள். காரணம் கணவர் செல்வநாயகத்தின் சிறுநீரகம். செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடிய முன் சந்திக்குப் போய் பஸ் பிடித்து, பூநகரியில் மாறி, சங்குப்பிட்டிப் பாலம் கடந்து போய்த் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வரும் வழியில் அவர் தலை அவள் தோளில் விழுந்து கிடக்கும். அறுபது கிலோவாக இருந்த மனிதர் இப்போது நாற்பத்தேழு. வயலை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டையும் அது நிற்கும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியையும் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு எடுத்தால் அவர் இன்னும் சில வருடம் இருப்பார் என்று டொக்டர் சொல்லவில்லை. அவளாகத்தான் எண்ணிக்கொண்டாள்.

விற்கிற எண்ணத்தை இரண்டே பேருக்குத்தான் சொன்னாள். மூன்றாம் நாள் ஜெயந்தன் வாசல் படலையடியில் நின்றான்.

பூநகரியில் கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவன். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம்.

"அக்கா, வீடு குடுக்கிறியளாம். நான் எடுக்கிறன்."

"வந்து இருங்கோ தம்பி. வீட்டைப் பாக்கேல்லையே?"

"பாத்தாச்சு அக்கா, றோட்டிலை நிண்டே. நல்ல வீடு."

அன்றே அவளுக்கு ஏதோ உறுத்தியது. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு அது. குசினிச் சுவர் வெடித்திருந்தது. ஆடி மாதத்தில் கிணறு அடி தெரியும். காணி வாங்க வருகிறவன் இதையெல்லாம் கிண்டிக் கிளறி விலையைக் குறைப்பான். இவன் ஒரு குறை சொல்லவில்லை. அவள் கேட்ட விலைக்குத் தலையாட்டினான். சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்கே கால் மணித்தியாலம் கதைக்கிற ஊரில் இப்படி ஒரு ஆளா?

"ஆனா தம்பி, இப்ப குடுக்கேலாது," என்றாள். "பழைய அனுமதிப்பத்திரம் கடைசிச் சண்டையிலை மாத்தளனிலை தண்ணிக்குள்ளை போட்டுது. இப்ப இருக்கிறது ஒரு கடிதம்தான். இந்த மாசம் இருபத்தாறாம் தேதி காணி விசாரணை. புதுப் பத்திரம் எங்கட பேருக்கு வந்தாப் பிறகு, பிரதேச செயலகத்திலை கேட்டு, முறையா எழுதுவம்."

"அது தன்ர பாட்டிலை நடக்கட்டும் அக்கா. நீங்கள் நாளைக்கே யாழ்ப்பாணம் போங்கோ. அறை நான் பாத்துத் தாறன். நான் இஞ்சை ரெண்டு கட்டில், ஒரு அலுமாரி கொண்டுவந்து போட்டுட்டு இருக்கிறன். அண்ணை ஏன் இப்பிடிக் கஷ்டப்படவேணும்?"

அண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே படுத்திருந்த செல்வநாயகம் எழும்பி வந்து, "நல்ல பெடியன்," என்றார்.

"நல்லவன்தான். ஏன் இவ்வளவு நல்லவன் எண்டுதான் யோசிக்கிறன்," என்றாள் அவன் போன பிறகு.

"உமக்கு யேசுநாதர் வந்து தண்ணி கேட்டாலும் அடையாள அட்டை பாப்பீர்."

"அவரும் காணி கேட்டா பாப்பன்."

அதன்பிறகு ஜெயந்தன் ஓயவில்லை. காலையில் போன் எடுத்தான். மாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தான். அதிலும் செவ்வாயும் வெள்ளியும், அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்புக் கழற்ற முன் வந்து நின்றான். களைத்துப்போய் இருக்கும் நேரம் பார்த்து வருகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. எந்தக் கிழமைகளில் போகிறோம் என்று இவனுக்கு யார் சொன்னது? ஒவ்வொரு முறையும் அவன் காற்சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசி வெளியே வரும் என்று காத்திருந்தாள். வரவேயில்லை. மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து வைத்ததுதான் மிச்சம்.

கடதாசிக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வந்தது. அதன் பின்பெட்டியில் பன்னிரண்டு தென்னம்பிள்ளைகள்.

"வாற மழைக்குப் பிடிச்சிடும் அக்கா. எப்பிடியும் நான் இருக்கப்போற காணிதானே. நீங்கள் வித்தாலும் விக்காட்டிலும் மரம் உங்களுக்குத்தான். விலை ஒண்டும் வேண்டாம்."

தென்னம்பிள்ளையோடு படலைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்ப அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. அவளுக்கும் வரவில்லை. தவிர, இதில் வாசிக்க ஒன்றும் இல்லை. கையெழுத்துக் கோடும் இல்லை. செல்வநாயகம் கதிரையை முற்றத்தில் போட்டு இருந்து, கிடங்கு எங்கெங்கே வெட்டுவது என்று கையால் காட்டினார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் தெரிந்தது. அவளும் பேசாமல் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் கவனித்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் ஜெயந்தன்தான் தன் கையால் வைத்தான். வைத்து முடிய, கைபேசியை நீட்டிப் பிடித்து, தன்னையும் பிள்ளையையும் பின்னால் வீட்டையும் சேர்த்துப் படம் எடுத்தான். பன்னிரண்டு பிள்ளைக்கும் பன்னிரண்டு படம்.

"ஏன் தம்பி இவ்வளவு படம்?"

"மச்சான் ஒருத்தர் லண்டனிலை அக்கா. அவருக்குப் பச்சையைக் கண்டா ஆசை."

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கையில் கிராம அலுவலரான விதானையார் வீட்டிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிரப்ப உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கீழிருந்து மேலே. கையெழுத்து, சாட்சி, எல்லைகள். அதற்கு மேலே ஒரு வரி: காணியில் நிற்கும் பயன்தரு மரங்கள், எண்ணிக்கை, வயது, நட்டவர் பெயர்.

பேனை நின்றுவிட்டது.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த வருடம் அவளுக்கு நினைவு வந்தது. ஊரில் ஒருவரிடமும் உருப்படியான கடதாசி இல்லை. ஒரே காணிக்கு இரண்டு பேர், மூன்று பேர் நின்றார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி, பத்திரம் கேட்டுக் களைத்துப்போய், மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். இந்தப் பலா ஆர் வைச்சது? எப்ப? செல்வநாயகம் பலாவின் வயதைச் சொன்னார், பக்கத்துக் காணிக்காரர் ஓம் என்றார், காணி அவர்களுக்கு என்று கடிதம் கிடைத்தது. வடக்குப் பக்கத்து வீதியில் ஒரு குடும்பம் இதே கேள்வியில் காணியை இழந்தது. அவர்கள் வவுனியா முகாமில் நின்ற காலத்தில் வேறொருவர் வந்து குடிசை போட்டு வாழை வைத்திருந்தார்.

பத்திரம் இல்லாத காணியில் மரம்தான் பத்திரம். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரிந்துகொண்டே தண்ணீர் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். கடதாசிக்குள் வருகிற வில்லங்கத்துக்குக் காவல் இருந்தவள், அது மண்வெட்டியோடு வந்தபோது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். கட்டிலும் அலுமாரியும் கூட உள்ளே வந்திருந்தால், இருபத்தாறாம் தேதி அதிகாரி வரும்போது வீட்டில் இருப்பவன் அவன், மரம் வைத்தவன் அவன், படமும் அவனிடம். தாங்கள் யாழ்ப்பாணத்தில் அவன் பார்த்துக் கொடுத்த அறையில் இருந்திருப்பார்கள்.

இல்லை, நான்தான் கூடிப்போய் நினைக்கிறேனோ என்றும் ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள்.

"என்ன செய்யிறீர்?" என்று செல்வநாயகம் பதறினார். "பிள்ளையைப் பிடுங்குறது பாவமப்பா."

"பிடுங்கேல்லை. மண்ணோடை எடுக்கிறன். ஒரு வேரும் அறாது."

பன்னிரண்டையும் உரப்பைகளுக்குள் இறக்கிக் கட்டினாள். அடுத்த வீட்டு நிரோஜனின் லான்ட்மாஸ்டரில் ஏற்றி, தானும் ஏறிப் பெட்டியின் விளிம்பில் இருந்து பூநகரிக்குப் போனாள்.

கடையில் சீமெந்து வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். ஜெயந்தன் அவளைக் கண்டதும் சிரித்தான். பெட்டியைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா இது?"

"உங்கட பிள்ளையள் தம்பி. பன்னிரண்டும் இருக்கு. இறக்கிவிடச் சொல்லுங்கோ."

"வைச்ச மரத்தை ஆரும் கிளப்புவினமோ? நான் வாங்கப்போற காணியக்கா அது."

"வாங்கினாப் பிறகு வையுங்கோ. நானே கிடங்கு வெட்டித் தாறன்."

நின்றவர்களில் ஒருவர், "தென்னம்பிள்ளை என்ன பிழை செய்தது?" என்று சிரித்தார். கமலாசனி சிரிக்கவில்லை. ஜெயந்தன் மேசையைச் சுற்றி வந்து, அவளுக்குக் கிட்ட நின்று, குரலைத் தாழ்த்தினான்.

"ஆர் அக்கா உங்களுக்குச் சொன்னது?"

"என்னத்தை எண்டு?"

அவன் கடைக்குள் திரும்பி, பைகளை இறக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டான். அவள் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்ட அந்த ஒரு கேள்வி அவளுக்குப் போதும். ஆனால் அதை வைத்து ஒருவனைக் கள்ளன் என்று சொல்ல முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

இருபத்தாறாம் தேதி அதிகாரி வந்தார். விதானையார் பக்கத்தில் நின்றார். பலா, இரண்டு மா, பழைய தென்னை ஆறு என்று எழுதினார்கள். நட்டவர் செல்வநாயகம். வேறு ஆரும் உரிமை கோருகிறார்களா என்று அதிகாரி கேட்டு, தெருப்பக்கம் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து, நிற்காமல் போனது. அதை ஓட்டியவன் தலைக்கவசம் போட்டிருந்தான். அது ஜெயந்தனா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பத்திரம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் அவளே ஜெயந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, விசாரணை முடிஞ்சுது. இன்னும் விருப்பம் எண்டா பத்திரம் வரக் கதைப்பம். பிரதேச செயலகத்திலை, விதானையாருக்கு முன்னாலை."

"பாப்பம் அக்கா," என்றான் ஜெயந்தன். "இப்ப எனக்கு அவசரம் இல்லை."

போனை வைத்துவிட்டு அவள் செல்வநாயகத்தின் கட்டிலில் வந்து இருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நாளைக்கும் பஸ்தானே?"

"ஓம்," என்றாள். "இந்தப் போகம் வயலைக் குத்தகைக்குக் குடுப்பம். வாற காசுக்குக் கொக்குவில் பக்கம் ஒரு அறை எடுத்து, செவ்வாய் தொடங்கி வெள்ளி வரைக்கும் அங்கை இருப்பம். மிச்ச நாள் இஞ்சை."

"ஏன் இஞ்சை? வீடு பூட்டிக் கிடக்கட்டுமே."

"பூட்டிக் கிடந்தா ஆராவது வந்து குடியிருந்திடுவினம்."

செல்வநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க இருமலும் வந்தது. அவள் முதுகைத் தடவிவிட்டு, காலை பஸ்ஸுக்கு அவருடைய சட்டையை எடுத்துக் கொடியில் போட எழுந்தாள்.