எந்த ஷிப்ட் என்று கேட்டவர்

மருந்துக்கடைத் துளசிராமன் போன வியாழக்கிழமை இறந்துபோனார். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் போகும் சாலையில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஷட்டர் அகலமுள்ள கடை அவருடையது. சொந்த ஊர் ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு. அதனால் கடைக்கு வரும் ஆண்கள் எல்லோரும் அவருக்கு நைனாதான். முப்பது வருஷம் அந்த ஷட்டருக்குள் நின்றபடியே மாத்திரை கொடுத்தார்.

மற்ற கடைகளில் சீட்டை நீட்டினால் மாத்திரையை எடுப்பார்கள். இவர் முதலில் கேள்வி கேட்பார்.

“இன்னா ஷிப்ட்டு நைனா?”

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குப்புராஜ் ஒருநாள் எரிச்சலில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “மாத்திரை கேட்டா ஷிப்ட்டு கேக்குற. நீ எப்போ எங்க கம்பெனில சூப்பர்வைசர் ஆன?”

“லீவு குடுக்க என்னால முடியாது, மாத்திரைதான் குடுக்க முடியும். சொல்லு, நைட்டா பகலா?”

“இந்த வாரம் நைட்டு.”

“அடுத்த வாரம் மாறினா வந்து சொல்லு. வேற கவர் எழுதித் தரேன்.”

“கவர் மாத்தறதுக்கு ஒருத்தன் வருவானா?” என்று குப்புராஜ் சிரித்தார். ஆனால் திங்கட்கிழமை வந்தார். நிறைய பேர் வந்தார்கள். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கவர்களைத் துளசிராமன் வாங்குவதையே விட்டுவிட்டார். வெறும் காகிதக் கவரில் பேனாவால் எழுதுவார்: ‘தூங்கி எழுந்து, சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு.’ ‘வேலைக்குக் கிளம்பும் முன்.’ அட்டையிலிருந்து நாலைந்து மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது அந்தத் துண்டில் மருந்தின் பெயர் விழவில்லை என்றால் அதையும் எழுதுவார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் பில் போடும் பெரிய கடை வந்ததும் அவசரக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள்.

அவர் இப்படிக் கேட்க ஆரம்பித்தது என் அப்பா இறந்த பிறகு.

அப்பா எபினேசர், ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்த்தார். இரவு எட்டுக்குப் போனால் காலை எட்டுக்கு வெளியே வருவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மே மாதம், டாக்டர் அவருடைய சர்க்கரை மாத்திரையை மாற்றினார். அப்பா வேலைக்குப் போகிற வழியில் துளசிராமன் கடையில் அதை வாங்கினார். டாக்டர் சீட்டில் இருந்ததையே துளசிராமன் கவரில் எழுதினார்: ‘காலை, சாப்பாட்டுக்கு முன்.’

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அப்பா வந்ததும் மாத்திரை போட்டார், இட்லி சாப்பிட்டார், படுத்தார். மூன்றாம் நாள் மாத்திரை போட்டதும் அம்மாவிடம், “ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்டமாரி இருக்குது கிரேஸ். கொஞ்சம் படுத்துக்கினு அப்புறமா துன்றேன்” என்றார். அம்மா இட்லியை ஹாட்பாக்ஸில் மூடி வைத்துவிட்டுத் தன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

நைட் ஷிப்ட் பார்க்கிறவரைப் பகலில் எழுப்பக் கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். டிவி சத்தம் இருக்காது, குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைப்பார்கள், குழந்தைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நாலு மணிக்கு அம்மா வந்து தொட்டுப் பார்த்தபோது அப்பா இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுத் தூங்கியதில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் துளசிராமன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அந்தக் கவர் இருக்குதாம்மா?”

அம்மா எடுத்து வந்து கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என் கையெழுத்துதான்.”

“டாக்டர் எழுதினதத்தானே நீங்க எழுதினீங்க, அண்ணே. உங்க மேல இன்னா தப்பு?”

“டிபன் கேரியரத் தூக்கிக்கினு நின்னாரும்மா. நைட்டு வேலைக்குப் போறவர்னு கண்ணால பாத்துக்கினே ‘காலை’ன்னு எழுதினேன். அவருக்கு அது படுக்கப் போற நேரம். கேட்டிருக்கணும். ஒரு வார்த்தை.”

கவரைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்பா இறந்த அன்று எனக்குக் கல்லூரியில் பரீட்சை. பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா படுத்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. தலையணை உறை கழுத்தடியில் நனைந்து கறுத்திருந்தது. மே மாதம், தகரக் கூரை, யாருக்குத்தான் வேர்க்காது? மின்விசிறியை மூன்றிலிருந்து ஐந்துக்கு வைத்தேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொன்னேன். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, வெளியே உட்கார்ந்து அடுத்த பரீட்சைக்குப் படித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரை வாங்க நான்தான் போவேன். முதல் தடவை துளசிராமன் கவரை எழுதி முடித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார். ‘தூங்கும்போது வேர்த்தால் எழுப்பவும்.’ இதை அவர் சர்க்கரை மாத்திரை கவர் எல்லாவற்றிலும் எழுதுவார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“பார்த்துக்கோம்மா. வேர்வைதான் மொதல்ல காட்டும். உங்கப்பாவுக்கும் வேர்த்திருக்கும். ஊட்ல ஒருத்தர் இருந்திருந்தா எழுப்பி ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி குடுத்திருப்பாங்க. யாரும் இல்லாமப் போயிட்டாங்க.”

“ஆமாங்க” என்றேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஏழு வருஷம். ஒவ்வொரு தடவையும் பஞ்சர் கடை வரும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். முன்னால் யாராவது நிற்பார்கள். யாரும் நிற்காத நாளில் அவரே, “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுவிடுவார். முழுத் தவறையும் அவர் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அதில் பாதியை நான் வாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்பாரோ என்னவோ.

வியாழக்கிழமை மாரடைப்பு. கடைக்குப் பின்னால்தான் வீடு. நான் போனபோது உடலைப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோக வண்டி நின்றிருந்தது. குப்புராஜ் யூனிபார்மோடு சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். துளசிராமனின் மனைவி தமிழ்செல்வி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எபினேசர் பொண்ணுதானே? அந்தக் கவர இன்னும் பீரோலதான் வெச்சிருக்காரும்மா. ஒரு ஆளு பக்கத்துல இருந்திருந்தா உங்கப்பா பொழைச்சிருப்பாரு, நான் ஒரு வார்த்தை கேக்காம வுட்டுட்டேன்னு சொல்லிக்கினே இருப்பாரு.”

அப்போதுதான் சொன்னேன். பரீட்சை, தலையணை, மின்விசிறி எல்லாவற்றையும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு நிறுத்த முடியவில்லை.

அவர் என் கையை விடவில்லை. முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை.

“அவருகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.