வாய் வரைக்கும் ஊற்றிய பெட்ரோல்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து இருபது மைல் தள்ளியிருக்கும் கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போய்வர எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? கால் டாங்கி தாராளம். என் அம்மாவுக்குத்தான் அது போதவில்லை.

“நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுவும் அரையும் கொறையுமா இருக்கக் கூடாது. வாய் வரைக்கும் ஊத்தச் சொல்லு” என்றார். விசேஷம் என்றால் வாசலில் நிறைகுடம் வைப்பவர்; காரையும் ஒரு குடமாகவே பார்த்தார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு உத்தியோகம் இருந்தது, கார் இருந்தது, அம்மாவை எதிர்த்துப் பேசும் தைரியம் மட்டும் இல்லை. பெண் வீட்டுத் தெருமுனையில் இருந்த எண்ணெய் நிலையத்து ஆள் “போதும்லா, பாஸ்” என்று இரண்டு தரம் சொல்லியும் கேட்காமல், காரைக் குலுக்கிக் குலுக்கி மூடியைத் தொடும்வரை ஊற்ற வைத்தேன்.

கிள்ளானில் பெண் வீட்டார் மரியாதைக்காகக் காரை உள்ளேயே நிறுத்தச் சொன்னார்கள். கூரையில்லாத சிமெண்டு முற்றம், உச்சி வெயில். அம்மா, தாய்மாமா, நான் மூவரும் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தோம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மா வழியிலேயே சொல்லிவிட்டார்.

சிறிது நேரத்தில் மாமா சிகரெட் பிடிக்க முற்றத்துக்கு நழுவினார். பெண் தலைகுனிந்தபடி காப்பித் தட்டோடு வந்தாள். என்னருகே வந்ததும் நின்று மூக்கைச் சுளித்தாள். வியர்வை நாற்றமோ என்று நான் கூசிப்போனேன். அவள் தட்டை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

“அங்கிள்! நெருப்பு வைக்காதீங்க! எண்ணெ ஒழுகுது!”

மாமா பற்றவைக்காத தீக்குச்சியோடு சிலையாக நின்றார். காருக்கடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்துபோய் மூடியில் கை வைத்தேன்.

“தொறக்காதீங்க! சூட்டுல உள்ள ஆவி முட்டிக்கிட்டு இருக்கும், மூஞ்சிலயே அடிக்கும். ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. நெழலுக்குத் தள்ளுங்க.”

அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. புது வெள்ளைச் சட்டை நனைய நானும் மாமாவும் அவள் அப்பாவும் மாமரத்தடிக்குக் காரைத் தள்ளினோம். அவள் சிந்தியதன்மேல் மணலை அள்ளிப் போட்டாள்.

“வெயில்ல பெட்ரோல் பெருகும். மேல கொஞ்சம் எடம் விட வேணாமா? யாரு இப்படி ஊத்துனது?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“நான்தாங்க. தெரியாம ஊத்திட்டேன்.”

திரும்பும் வழியெல்லாம், இந்த மடையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா இறந்து சில மாதங்கள் கழித்துத்தான் மனைவியிடம் கேட்டேன், அன்றைக்கு எதை நம்பி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாய் என்று. அம்மாவைக் காப்பாற்றிய என் பெருந்தன்மையைச் சொல்வாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்.

“நீங்க கை கழுவப் போனீங்கல்ல, அப்ப அத்தை சமையக்கட்டுக்கு வந்தாங்க. ‘ஊத்தச் சொன்னது நான்தாம்மா, அவன் மேல தப்பில்ல, வேணாம்னு சொல்லிடாத’ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க” என்றாள்.